கலகமா, எழுச்சியா? 'மியூட்டினி' என்ற சொல்லைப் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழில் கேள்விகள் எல்லாமே ஒரே சொல்லைச் சுற்றித்தான். ஆங்கிலத்தில் 'மியூட்டினி' என்பார்கள். தமிழில் கலகம், கிளர்ச்சி, புரட்சி, எழுச்சி என்று அவரவர் எழுதுகிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

பாடநூலில் 'வேலூர் புரட்சி' என்று இருக்கிறது. பழைய புத்தகங்களில் 'வேலூர்ச் சிப்பாய்க் கலகம்'. ஆங்கிலத்தில் இன்றும் 'வேலூர் மியூட்டினி'. எது சரி என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
(பள்ளி ஆசிரியை, வேலூர்)

மூன்றும் 1806 ஜூலை 10 விடியுமுன் உங்கள் ஊர்க் கோட்டையில் நடந்ததைத்தான் குறிக்கின்றன. ஆனால் பெயர் வைத்தவர்கள் நின்ற இடம் வேறு வேறு.

'மியூட்டினி' படைச் சட்டத்துக்குள் வளர்ந்த சொல். கட்டளையிட்டவருக்கு அதற்கான உரிமை இருந்தது, கட்டளை பெற்றவர்கள் கூட்டாக மீறினார்கள் என்பதே அதன் பொருள். முதல் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லை எடுத்தாளும்போதே அதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகள் அந்தச் சொல்லை எழுதியதில் வியப்பில்லை. அவர்கள் பார்வையில் அது சம்பளம் வாங்கும் சிப்பாய் மேலதிகாரியைச் சுட்ட குற்றம்.

இப்போது சிப்பாயின் பக்கம் வருவோம். 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதில் வட்டத் தொப்பி போன்ற புதுத் தலையணி. அதன் முன்புறத்தில் தோலில் செய்த ஓர் அணி. அந்தத் தோல் எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துச் சிப்பாய்க்கும் வந்தது, முஸ்லிம் சிப்பாய்க்கும் வந்தது. தோலைவிடத் தொப்பியின் வடிவம்தான் பெரிய சிக்கல். அந்தக் காலத் தமிழில் 'தொப்பிக்காரன்' என்றால் வெள்ளைக்காரன். அந்தத் தலையணியோடு ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது சிப்பாய்க்குத் தெரியும். 1806 மே மாதம் வேலூரிலேயே ஒரு பிரிவு அதை அணிய மறுத்தது. மறுத்தவர்களில் சிலருக்குக் கசையடி கிடைத்தது. ஜூலைக்கு இரண்டே மாதம் முன்பு நடந்தது இது.

இன்னொரு செய்தி: திப்பு சுல்தானின் மகன்களும் குடும்பத்தாரும் அந்தக் கோட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்த சிப்பாய்கள் கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினார்கள், திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள். தலையணி மட்டுமே பிரச்சினை என்றால் கொடிக்கு என்ன வேலை? 'மியூட்டினி' என்று எழுதினால் தொப்பிக்கு இடம் இருக்கிறது, கொடிக்கு இடம் இல்லை. அந்தச் சொல்லில் எங்களுக்கு இருக்கும் குறை இதுதான்.

ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று பகலுக்குள் எல்லாவற்றையும் ஒடுக்கிவிட்டார். புதிய உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், தலைமைத் தளபதி ஜான் கிரடாக் இருவரையும் 1807-இல் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. வெறும் ஒழுங்கு மீறல் என்றால் ஆளுநரின் பதவி போயிருக்காது.

மாணவர்களிடம் இப்படிச் சொல்லலாம். தேர்வில் பாடநூல் தரும் பெயரையே எழுதட்டும். கும்பினிக் கடிதத்தையோ நீதிமன்றப் பதிவையோ மொழிபெயர்த்தால் 'கலகம்' என்றே வைக்கட்டும்; எழுதியவர் சொல்லை நாம் மாற்றக் கூடாது. தங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதும்போது 'வேலூர்ச் சிப்பாய் எழுச்சி' என்பது எங்கள் தேர்வு. 'புரட்சி' என்றால் பழைய ஒழுங்கைப் புரட்டிப்போட்டுப் புதியதை வைப்பது. வேலூர்ச் சிப்பாய்கள் தேடியது பழைய அரசை. 'எழுச்சி' அவர்களைத் தாழ்த்தவும் இல்லை, அவர்கள் கேட்காததை அவர்கள் தலையில் ஏற்றவும் இல்லை.

'மியூட்டினி'யும் 'மியூட்டேஷனும்' ஒரே வேரா? இரண்டிலும் 'மாற்றம்' இருக்கிறதே?
(கல்லூரி மாணவர், மதுரை)

இல்லை. பலரும் விழும் பள்ளம் இது. 'மியூட்டேஷன்' லத்தீனில் 'மூத்தாரே', அதாவது மாற்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது. 'மியூட்டினி' லத்தீனில் 'மொவேரே', அதாவது அசைதல், நகர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'மூவ்', 'மோஷன்', 'மோட்டார்', 'எமோஷன்' எல்லாம் இந்த இரண்டாவது குடும்பம். கூட்டத்தைக் குறிக்கும் 'மாப்' கூட இதே குடும்பம்தான்: 'சட்டென்று அசையும் மக்கள் திரள்' என்ற பொருள் கொண்ட லத்தீன் தொடரின் முதல் துண்டை 17-ஆம் நூற்றாண்டில் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வந்த வழி இது. 'மொவேரே'யிலிருந்து பேச்சு லத்தீனில் 'மொவித்தா'. அது பழைய பிரெஞ்சில் 'மெயூத்' ஆகி, கிளர்ந்தெழுதல் என்ற பொருளைப் பெற்றது. அதிலிருந்து 'முத்தினே' என்ற வினை. அதை ஆங்கிலம் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'மியூட்டின்' என்று வினையாக வாங்கிக்கொண்டது. சில பத்தாண்டுகளுக்குள் 'மியூட்டினி' என்ற பெயர்ச்சொல் வந்து வினையை ஓரங்கட்டிவிட்டது. பிரெஞ்சில் 'மெயூத்' இன்று வேட்டை நாய்க் கூட்டத்தைக் குறிக்கிறது. ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகப் பாய்வது என்ற பழைய அசைவு அங்கே மிஞ்சியிருக்கிறது.

முதல் நூறு ஆண்டுகளில் இந்தச் சொல்லுக்குப் படையோடு இன்று இருக்கும் இறுக்கமான பிணைப்பு கிடையாது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' முன்னுரைப் பாட்டிலேயே 'மியூட்டினி' வருகிறது. அங்கே சிப்பாயும் இல்லை, தளபதியும் இல்லை. இரண்டு குடும்பங்களின் பழம்பகை மறுபடி வெடிப்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். 'கிங் லியர்' நாடகத்தில் நகரங்களுக்குள் நடக்கும் சச்சரவு 'மியூட்டினி'. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் பிணத்தின் முன் நின்று ஆண்டனி பேசுகையில் ரோமாபுரித் தெருமக்கள் பொங்குவது 'மியூட்டினி'.

பள்ளி உரைநூல்களில் 'ரோமியோ ஜூலியட்' வரிக்குப் 'படைக் கலகம்' என்று பொருள் போட்டிருந்தால் அது தவறு. 'பூசல்' அல்லது வெறும் 'கலகம்' போதும். வடமொழி 'கலஹ'த்திலிருந்து வந்த நம் 'கலகம்' என்ற சொல்லுக்கும் முதற்பொருள் சண்டை சச்சரவுதான். 'நாரதர் கலகம் நன்மையில் முடியும்' என்பதில் துப்பாக்கி எங்கே இருக்கிறது? வீட்டுச் சண்டையிலிருந்து படை முகாம் வரைக்கும் 'கலகம்' நடந்த தூரமும் 'மியூட்டினி' நடந்த தூரமும் ஏறக்குறைய ஒன்று.

அப்படியென்றால் படையோடு மட்டும் ஒட்டிக்கொண்டது எப்போது?
(நூலகர், திருச்சி)

திருப்பம் 1689. இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் போய் வில்லியமும் மேரியும் வந்த சமயம். ஹாலந்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்த ஒரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு இப்ஸ்விச் நகரில் மறுத்து நின்றது. பழைய மன்னர்தான் தங்கள் மன்னர் என்றது. அவசரமாக நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பெயர் 'மியூட்டினி சட்டம்'. அதுவரை ஊர்ச்சண்டைக்கும் தெருக்கொந்தளிப்புக்கும் புழங்கிய சொல் சட்டப் புத்தகத்தின் தலைப்பில் ஏறி, படைவீரனின் குற்றம் என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

இந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அமைதிக் காலத்தில் மன்னர் நிரந்தரப் படை வைத்திருக்கக் கூடாது என்று அதே 1689-இன் உரிமைச் சட்டம் சொன்னது. படையில் ஒழுங்கை நிலைநாட்ட மியூட்டினி சட்டம் வேண்டும். அதுவோ குறுகிய காலத்துக்கே உயிரோடு இருக்கும், திரும்பத் திரும்பப் புதுப்பித்தாக வேண்டும். ஆகவே படையின் மூக்கணாங்கயிறு நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும் 1879 வரை இந்தப் புதுப்பித்தல் தொடர்ந்தது. சிப்பாயை அடக்க வந்த சட்டமே மன்னரையும் கட்டிப்போட்டது.

ரிபெல்லியன், ரிவோல்ட், ரெவல்யூஷன், இன்சரக்‌ஷன், செடிஷன், மியூட்டினி: இவற்றுக்கு நிலையான தமிழ்ச் சொற்கள் உண்டா? ஒரே பக்கத்தில் நான்கைந்து வந்தால் திண்டாட்டமாக இருக்கிறது.
(மொழிபெயர்ப்பாளர், கோவை)

ஒன்றுக்கு ஒன்று என்று பூட்டிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எதைக் கேட்டு நிற்கிறது என்று தெரிந்தால் தடுமாற்றம் குறையும்.

'ரிபெல்லியன்' என்பதில் உள்ள 'பெல்லும்' லத்தீனில் போர். 'ரி' என்றால் மறுபடி. ரோமானியர்களிடம் தோற்றுப் பணிந்த நாடு மறுபடி போர் தொடுத்தால் அது 'ரிபெல்லியன்'. ஏற்கெனவே பணிந்தவர் என்ற முத்திரை அதில் உண்டு. ஆயுதம் ஏந்தியது, நாட்கணக்கில் நீடித்தது, ஆட்சியையே எதிர்த்தது என்றால் 'கிளர்ச்சி' என்று எழுதுங்கள். அரசுத் தரப்புக் குரலில் வந்தால் 'கலகம்'.

'ரிவோல்ட்' உருளுதல், திரும்புதல் என்ற வேர். அடங்கியிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அளவில் ரிபெல்லியனைவிடச் சின்னதாகவோ தொடக்க நிலையிலோ இருக்கும். இதற்கும் 'கிளர்ச்சி' பொருந்தும். ரிபெல்லியனும் ரிவோல்ட்டும் ஒரே பத்தியில் வந்தால் ரிவோல்ட்டுக்கு 'எதிர்ப்பெழுச்சி' என்று எழுதலாம். அதே பத்தியில் இன்சரக்‌ஷனும் வந்துவிட்டால் அதை 'ஆயுத எழுச்சி' ஆக்கிக்கொண்டால் மோதாது.

'ரெவல்யூஷன்' முதலில் வானியல் சொல். கோள் சுற்றி வருவதைச் சொன்னது. கோப்பர்நிக்கஸ் 1543-இல் வெளியிட்ட நூலின் லத்தீன் தலைப்பில் இருப்பது அந்தப் பொருள்தான். சுற்றிப் பழைய இடத்துக்கே வருவது என்ற எண்ணம் மாறி, திரும்பி வராத பெரும் மாற்றம் என்ற பொருள் 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நிலைத்தது. தமிழில் 'புரட்சி' என்ற சொல்லில் புரளுதலும் புரட்டுதலும் இருப்பதால் வேர்ப்பொருளே கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டப்பெயர்களிலும் விளம்பரங்களிலும் புழங்கிப் புழங்கி 'புரட்சி'க்கு எடை குறைந்துவிட்டது. எடை வேண்டிய இடத்தில் மட்டும் அதை வையுங்கள்.

'இன்சரக்‌ஷன்' எழுந்து நிற்பது. இதற்கு 'எழுச்சி' அச்சாகப் பொருந்தும்.

தவறு மிகுதியாக நடப்பது 'செடிஷனில்'. வேர்ப்பொருள் தனியே விலகிப் போதல். சட்டத்தில் அது பெரும்பாலும் பேச்சும் எழுத்தும்: அரசின்மேல் வெறுப்பை மூட்டுவது. ஆயுதம் தேவையில்லை. நாளிதழ்கள் இதைத் 'தேசத்துரோகம்' என்று எழுதுகின்றன. தேசத்துரோகம் என்பது 'டிரீசன்', அதாவது எதிரியோடு சேர்வது, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது. 1908-இல் வ.உ.சி.க்கு இரட்டைத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்ட வழக்கில் அடிப்படையே பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவுதான். அதாவது செடிஷன். அவர் யாரோடும் சேர்ந்து படையெடுக்கவில்லை, மேடையில் பேசினார். அதைத் 'தேசத்துரோக வழக்கு' என்று இன்று எழுதினால் அவர் தேசத்துக்குத் துரோகம் செய்தார் என்றல்லவா ஆகிவிடும்? 'ராஜநிந்தனை', 'அரச நிந்தனை' என்ற பழைய ஆட்சி இதற்கு எவ்வளவோ மேல்.

'மியூட்டினி'க்கு ஒரு சோதனை போதும். செய்தவர்கள் ஒரு கட்டளை வரிசைக்குள் இருந்தவர்களா (படை, கப்பல், போலீஸ், சிறைக் காவல்)? ஒன்றுக்கு மேற்பட்டவர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே அது மியூட்டினி. சட்ட ஆவணத்தில் 'படைக் கலகம்' என்றும், வணிகக் கப்பல் என்றால் 'கப்பல் பணியாளர் கலகம்' என்றும் எழுதுங்கள். வரலாற்றில் உங்கள் சொந்தக் குரலுக்குப் 'படைவீரர் எழுச்சி' அல்லது 'சிப்பாய் எழுச்சி'. 'சிப்பாய்' என்ற சொல் பாரசீகத்தின் 'சிப்பாஹி'. படைவீரன் என்றுதான் பொருள். ஆகவே பிரிட்டிஷ் மாலுமிகளின் மியூட்டினியைச் 'சிப்பாய்க் கலகம்' என்று எழுதுவது பிசகு. அதையும் அச்சில் பார்க்க முடிகிறது.

ஓர் இடைக்குறிப்பு: கிளர்தல், எழுதல், புரளுதல் என்று நம் சொற்கள் எல்லாமே அசைவிலிருந்து பிறந்தவை. அவர்கள் சொற்களும் அசைதல், உருளுதல், எழுதல்தான். அசையாமல் இருக்கச் சொன்னவரிடமிருந்துதான் இந்தச் சொற்கள் எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும்.

'மியூட்டினி'க்கும் 'ஸ்ட்ரைக்'குக்கும் என்ன வேறுபாடு? 1946 பம்பாய் நிகழ்ச்சியை இரண்டு பெயரிலும் படித்திருக்கிறேன்.
(ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர், தூத்துக்குடி)

கடலில் வேலை பார்த்தவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லே கப்பலிலிருந்து வந்தது. பாயை இறக்குவதை ஆங்கில மாலுமிகள் 'ஸ்ட்ரைக்' என்பார்கள். 1768-இல் லண்டனில் கூலி கேட்ட மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டு, கேட்டது கிடைக்கும்வரை கப்பல் நகராது என்றார்கள். அதிலிருந்து வேலைநிறுத்தம் முழுவதற்கும் அந்தப் பெயர்.

அடுத்த தலைமுறையில், 1797 ஏப்ரல் 16 அன்று, ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் புறப்பட மறுத்தார்கள். செய்தது வேலைநிறுத்தம், ஆனால் செய்தவர்கள் கடற்படையினர் என்பதால் சட்டத்தின் வாயில் மியூட்டினி. என்ன கேட்டார்கள்? சம்பளம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்தது. அதோடு ரேஷன். ஒரு பவுண்டு என்றால் 16 அவுன்ஸ். கப்பலின் சரக்கு அதிகாரி மாலுமிக்கு அளந்ததோ பவுண்டுக்கு 14 அவுன்ஸ். சிந்துவதற்கும் கெடுவதற்கும் என்று எட்டில் ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்துக்கொள்வது வழக்கம். நம் ஊர் ரேஷன் கடையில் எடைக்கல் குறைவாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். பவுண்டுக்கு முழு 16 அவுன்ஸ் வேண்டும் என்பது மனுவில் எழுதப்பட்ட கோரிக்கை. பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியே வந்தால் சண்டைக்குப் போவோம் என்றும் அதே மாலுமிகள் சொல்லியிருந்தார்கள்.

அரசு இறங்கி வந்தது. சம்பளம் கூடியது, எடை சரியானது, மன்னரின் மன்னிப்பு வந்தது, ஒருவருக்கும் தூக்கு இல்லை. மே மாதம் தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் என்ற இடத்தில் எழுந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் கோரிக்கை விரிந்தது, லண்டனுக்குப் போகும் சரக்குக் கப்பல்களை மறித்தார்கள்; தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். இரண்டுக்கும் பெயர் ஒன்று, முடிவு நேர்மாறு.

தலைவன் யார் என்று தெரிந்தால் தூக்கு என்பதால் மாலுமிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மனுவின் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போடாமல் வட்டமாகப் போடுவார்கள். முதல் பெயர் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. 'ரவுண்ட் ராபின்' என்பது இதற்குப் பெயர். இன்று விளையாட்டுப் போட்டி அட்டவணையில் நாம் கேட்கும் சொல்தான்.

இனி 1946. பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைத் தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் சாப்பாட்டை மறுத்தார்கள். மோசமான உணவு, அதிகாரிகளின் இனவெறி வசவு, வெள்ளை மாலுமிக்கும் இந்திய மாலுமிக்கும் சம்பள வேறுபாடு ஆகியவை உடனடிக் காரணங்கள். சில நாட்களில் கராச்சி, சென்னை, விசாகப்பட்டினம், கல்கத்தா என்று பரவியது. 78 கப்பல்கள், ஏறக்குறைய 20,000 பேர். அவர்கள் அமைத்த குழுவின் பெயரை ஊன்றிக் கவனியுங்கள்: கடற்படை மத்திய ஸ்ட்ரைக் கமிட்டி. எழுந்தவர்கள் தேர்ந்துகொண்ட சொல் 'ஸ்ட்ரைக்'. அரசு வைத்த சொல் 'மியூட்டினி'. முதல் சொல்லில் எதிரே இருப்பவன் முதலாளி, பேசித் தீர்க்கலாம். இரண்டாவது சொல்லில் எதிரே இருப்பவன் நீதிபதி. பிப்ரவரி 23 அன்று காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களின் பேச்சைக் கேட்டுச் சரணடைந்தார்கள். பழிவாங்கல் இராது என்ற நம்பிக்கையில் இறங்கிய பலர் வேலையை இழந்தார்கள். தமிழில் 'கடற்படை எழுச்சி' என்று நிலைத்திருப்பது நல்ல பெயர்.

ஒரே ஒரு ஆள் மியூட்டினி செய்ய முடியுமா? படையில் இல்லாதவர்மேல் அந்தக் குற்றம் சுமத்த முடியுமா?
(சட்ட மாணவி, சென்னை)

முதல் கேள்விக்கு: இந்தியச் சட்டத்தில் முடியாது. 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஆட்கள் சேர்ந்தால்தான் மியூட்டினி என்கிறது. சட்டபூர்வ அதிகாரத்தைக் கவிழ்ப்பதற்கோ எதிர்ப்பதற்கோ, ஒழுங்கு குலையும்படி கட்டளையை மீறுவதற்கோ அவர்கள் கூடியிருக்க வேண்டும். ஒற்றை ஆள் மறுத்தால் அது கீழ்ப்படியாமை, வேறு பிரிவு. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் 37-ஆம் பிரிவைப் படியுங்கள். தொடங்குவது, தூண்டுவது, சேர்வது மட்டுமல்ல; அங்கே இருந்தும் அடக்க முழு முயற்சி எடுக்காததும், தெரிந்தும் மேலதிகாரியிடம் உடனே சொல்லாததும் அதே பிரிவில் வருகின்றன. உச்சபட்சம் மரண தண்டனை. சும்மா நின்றவனையும் உள்ளே இழுக்கும் குற்றங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இரண்டாவது கேள்விக்கு: குடிமகன் மியூட்டினி செய்ய முடியாது, அதற்கு உடந்தையாக இருக்க முடியும். பழைய தண்டனைச் சட்டத்தில் 131, 132. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 159, 160. உடந்தையின் விளைவாகக் கலகம் நடந்தேவிட்டால் இங்கும் மரண தண்டனை வரை போகும்.

இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு டெல்லியில் 1858-இல் நடந்த பகதூர் ஷா விசாரணையே சான்று. முகலாயப் பேரரசரை நேரடியாக மியூட்டினி என்று குற்றம்சாட்ட முடியவில்லை. அவர் சிப்பாய் இல்லை. ஆகவே முதல் குற்றச்சாட்டில் அவரைப் 'பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியர்' என்று எழுதி, சுபேதார் பக்த் கானுக்கும் மற்றப் படையினருக்கும் கலகத்தில் உடந்தையாக இருந்தார் என்றார்கள். மூன்றாவதில் அவரைப் 'பிரிட்டிஷ் அரசின் குடி' ஆக்கினார்கள். யாருடைய பெயரால் கும்பினி வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையை 1765-இல் வாங்கியதோ, அந்த அரச வம்சத்தின் வாரிசு அவர். அவரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமானால் முதலில் அவரை யாருக்கோ கீழ்ப்பட்டவர் என்று எழுதியாக வேண்டும். அந்தக் குற்றப்பத்திரிகையை வரி வரியாகப் படியுங்கள். சட்டம் படிப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெள்ளைக்காரர்கள் செய்தபோதும் அதே சொல்லைப் போட்டார்களா?
(வாசகர், சேலம்)

போட்டார்கள், ஆனால் தயங்கித் தயங்கி. வேலூருக்கு மூன்றே ஆண்டு கழித்து, 1809-இல், அதே சென்னைப் படையின் ஐரோப்பிய அதிகாரிகள் மசூலிப்பட்டினத்திலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஆளுநர் ஜார்ஜ் பார்லோவுக்கு எதிராக நின்றார்கள். காரணங்களில் முக்கியமானது கூடார ஒப்பந்தம். படையின் கூடாரங்களைப் பராமரிக்க அதிகாரிகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை வந்துகொண்டிருந்தது, கூடாரம் விரித்தாலும் சுருட்டியே வைத்திருந்தாலும். அதை அரசு நிறுத்தியது. இதற்கு 'வெள்ளையர் மியூட்டினி' என்று பெயர். வேலூர்ச் சிப்பாய்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். 1809 அதிகாரிகளில் மரண தண்டனை ஒருவருக்கும் இல்லை. சிலரைப் பணியிலிருந்து நீக்கினார்கள், அவ்வளவே.

1914 மார்ச்சில் அயர்லாந்தின் கரா முகாமில் குதிரைப்படை அதிகாரிகள் பலர், அல்ஸ்டர் மாகாணத்துக்குப் போவதைவிடப் பதவி நீக்கமே மேல் என்றார்கள். நேரடிக் கட்டளை வரவில்லை, மீறவும் இல்லை என்பதால் அதைக் 'கரா நிகழ்வு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. சட்டப்படி அது சரியும்கூட. 1917-இல் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் மறுபடி தாக்குதலுக்குப் போக மறுத்தபோது பிரெஞ்சு ராணுவம் எழுதியது 'கூட்டு ஒழுங்கீனம்' என்று. பெயரைச் சிறிதாக்குவதும் ஒரு வழி.

இலங்கைப் படையினர் யாராவது இந்தக் குற்றத்துக்கு ஆளானார்களா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

ஆம். 1942 மே 8 இரவு, இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் தீவுகளில் ஒன்றான ஹோர்ஸ்பர்க் தீவில், இலங்கைக் காவற்படைப் பீரங்கிப் பிரிவினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள். சில மணி நேரத்தில் அடங்கியது. ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் மியூட்டினிக்காகத் தூக்கிலிடப்பட்ட காமன்வெல்த் படையினர் இந்த மூவர் மட்டுமே.

கட்சிச் செய்திகளில் ஆங்கில நாளிதழ்கள் 'மியூட்டினி' என்று போடுகின்றனவே? எம்.எல்.ஏ.க்கள் என்ன சிப்பாய்களா?
(வாசகர், திருநெல்வேலி)

கட்டளை வரிசை இருக்கும் எந்த இடத்துக்கும் சொல் நீண்டுவிட்டது: கட்சி, அமைச்சரவை, கிரிக்கெட் அணி. 16-ஆம் நூற்றாண்டில் இருந்த தளர்ந்த பொருளுக்கே திரும்பியதாகவும் சொல்லலாம். தமிழில் தேட வேண்டியதே இல்லை. 'போர்க்கொடி தூக்கினார்கள்' இருக்கிறது. 'கலகம்' என்று எழுதாதீர்கள், வாசகர் மண்டை உடைந்ததா என்று தேடுவார். இலக்கியப் பக்கங்களில் 'கலகக்குரல்' என்பது இன்று பாராட்டு; செய்திப் பக்கத்தில் 'கலகம்' இன்னும் போலீஸ் வேன் நிற்கும் இடம்தான்.

1857-ஐ 'மியூட்டினி' என்று சொல்லக் கூடாது என்று முதலில் குரல் கொடுத்தது இந்தியர்கள்தானே?
(ஆய்வு மாணவர், தஞ்சாவூர்)

இந்தியர்கள் குரல் கொடுத்தார்கள், ஆனால் கேள்வி அதற்கு முன்பே லண்டனில் எழுந்துவிட்டது. மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தது மே 10. ஜூலை 27 அன்றே நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து டிஸ்ரேலி கேட்டார்: இது வெறும் படைக் கலகமா, ஒரு நாட்டின் கிளர்ச்சியா? அவருக்கு அதில் கட்சி லாபமும் உண்டு. படைக் கலகம் என்றால் பழி சில ரெஜிமெண்டுகளோடு நிற்கும். நாட்டின் கிளர்ச்சி என்றால் கும்பினி ஆட்சியே பதில் சொல்ல வேண்டும். அதிகார வட்டாரம் ஏன் 'மியூட்டினி'யைப் பிடித்துத் தொங்கியது என்பதற்கும் இதுவே விடை.

இந்தியப் பக்கத்தில் சர் சையத் அகமது கான் காரணங்களை ஆராய்ந்து உருதுவில் எழுதியபோது 'பகாவத்' என்றார். வடக்கே மக்கள் வாயில் 'கதர்' என்று வழங்கியது. துரோகம், குழப்பம் என்று பழிச்சாயல் கொண்ட சொல். 1913-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த இந்தியர்கள் அந்தப் பழிச்சொல்லையே எடுத்துத் தங்கள் கட்சிக்குப் பெயராக்கினார்கள், கதர் கட்சி. நாம் உடுத்தும் கதருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாவர்க்கர் 1909-இல் 'சுதந்திரப் போர்' என்று நூலின் தலைப்பிலேயே வைத்தார். நூற்றாண்டு வந்தபோது, 1957-இல், ஆர்.சி. மஜும்தார் தம் நூலின் தலைப்பில் 'சிப்பாய் மியூட்டினி' என்பதையும் '1857 கிளர்ச்சி' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். சிப்பாய்கள் செய்தது ஒன்று, அவத் பகுதி உழவர்களும் தாலுக்தார்களும் (பெருநிலக்கிழார்கள்) செய்தது வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழில் எழுதும் ஆய்வேட்டிலும் இதைப் பின்பற்றலாம்: மீரட், டெல்லிப் படைமுகாம்களைப் பற்றிய இடத்தில் 'சிப்பாய் எழுச்சி', அவத்தைப் பற்றிய இடத்தில் 'மக்கள் கிளர்ச்சி', மேற்கோளில் மட்டும் 'கலகம்'.

டெல்லிக்குப் போனால் வடக்கு ரிட்ஜில் ஒரு சிவப்புக் கல் கோபுரம் இருக்கிறது, பாருங்கள். 1863-இல் பிரிட்டிஷார் கட்டிய மியூட்டினி நினைவுச்சின்னம். தங்கள் பக்கம் செத்தவர்களின் கணக்கைக் கல்லில் வெட்டி, எதிரே இருந்தவர்களை 'எதிரி' என்று எழுதினார்கள். 1972-இல் அதற்கு அஜித்கட் என்று பெயர் மாற்றிய இந்திய அரசு பழைய கல்லை உடைக்கவில்லை, ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. கூடவே ஒரு புதுப் பலகை வைத்தது. மேலே 'எதிரி' என்று குறிப்பிடப்பட்டவர்கள் அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்து நாட்டின் விடுதலைக்காகத் தீரத்தோடு போரிட்டவர்கள் என்று அந்தப் பலகை சொல்கிறது. முதலில் பழைய கல்லைப் படித்துவிட்டுப் பிறகு பலகைக்கு வாருங்கள்.